கார்னரில் நிற்கப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கடிதம் கிடைத்தது. கோச்சிங் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது, மாலை நேரத்தில் பையன்களும் பெண்பிள்ளைகளுமாக ஒரு கூட்டம் வர ஆரம்பித்திருக்கிறது என்று படித்தபோது மனம் நிறைந்தது. கடைசி வரியில், "பாக்ஸிங் பற்றி எதைப் படிக்கலாம் அண்ணா?" என்று கேட்டிருந்தாய். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த நீண்ட பதில்.

வீடியோ பார்க்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கால் எங்கே போகிறது, தோள் எப்படித் திரும்புகிறது என்பதையெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வீடியோதான் வேண்டும். ஆனால் சண்டைக்கு முந்தின மாதங்களும் பிந்தின வருடங்களும் அதில் கிடைக்காது. கோச்சுக்கு வேலையே அந்த மாதங்களிலும் வருடங்களிலும்தான்.

நீ இனி க்ளவுஸ் மாட்டிக்கொண்டு ரிங்குக்குள் இறங்கப்போவதில்லை. மணி அடித்ததும் ஸ்டூல், தண்ணீர் பாட்டில், துண்டு சகிதம் ஏறப்போகிறவன். அதனால் இந்தப் புத்தகங்களை ரசிகர்கள் படிக்கிற மாதிரி படிக்காதே. யார் ஜெயித்தார் என்பது ஊருக்கே தெரியும். அந்தச் சண்டையில் கார்னரில் நின்றது யார், ஒரு நிமிட இடைவேளையில் அவர் கண்ணில் என்ன பட்டது, எந்த இடத்தில் நிறுத்தினார், நிறுத்த வேண்டிய இடத்தில் ஏன் சும்மா இருந்தார் என்று தேடிக்கொண்டே படி. பல நல்ல புத்தகங்களில் இது முக்கியமான பகுதியாகவே இருக்காது. எங்கோ ஒரு பத்தியில் ஒதுங்கிக் கிடக்கும். நீ அந்தப் பத்தியில் நின்று நிதானமாகப் போ.

முதலில் தாமஸ் ஹவுசரின் 'முகம்மது அலி: ஹிஸ் லைஃப் அண்ட் டைம்ஸ்'. 1991-இல் வந்தது. அலியைப் பற்றி அலமாரி கொள்ளாத அளவுக்குப் புத்தகங்கள் உண்டு. இதில் ஹவுசர் தன் குரலைக் குறைத்துக்கொண்டு, அலியைச் சுற்றி இருந்தவர்களைப் பேசவிடுகிறார். மனைவிமார், எதிராளிகள், டாக்டர், மேனேஜர், கோச் எல்லாரும் வரிசையாக வந்து தங்கள் பங்கைச் சொல்கிறார்கள். ஒருவர் சொன்னதை அடுத்தவர் மறுப்பார். ஹவுசர் நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்லமாட்டார். உனக்கு வேண்டியது இதன் பின்பாதி.

1977 செப்டம்பரில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் எர்னி ஷேவர்ஸோடு அலி 15 ரவுண்ட் போட்டு ஜெயித்தார். ஷேவர்ஸின் குத்து இரும்பு மாதிரி. சண்டைக்குப் பிறகு அலியின் டாக்டர் ஃபெர்டி பச்சேகோ கையில் ஒரு பரிசோதனை அறிக்கை கிடைக்கிறது. சிறுநீரகம் கெட்டுக்கொண்டு வருகிறது என்கிறது அது. அவர் அலிக்கும் அலியின் மனைவிக்கும் மேனேஜருக்கும் கடிதம் எழுதுகிறார். ஒருவரும் பதில் போடவில்லை. பச்சேகோ அந்தக் கூட்டத்தை விட்டு விலகிவிடுகிறார். கார்டனில் சண்டைகளை ஏற்பாடு செய்யும் டெடி ப்ரென்னரும், இனி அலிக்கு இங்கே சண்டை கிடையாது என்று அறிவித்துவிட்டார். அதற்கு அப்புறமும் அலி நான்கு சண்டை போட்டார். அதில் மூன்றாவதுதான் லாரி ஹோம்ஸோடு, 1980 அக்டோபர் 2, லாஸ் வேகாஸில்.

அந்தச் சண்டைக்கு முன் மேயோ கிளினிக்கில் அலியைச் சோதித்தார்கள். அறிக்கையை ஹவுசர் புத்தகத்திலேயே தந்திருக்கிறார். ஒற்றைக்காலில் குதிக்கச் சொன்னால் ஒரு விளையாட்டு வீரனிடம் எதிர்பார்க்கிற சுறுசுறுப்பு இல்லை. விரலால் மூக்கைத் தொடச் சொன்னால் சின்னதாக ஒரு பிசகு. இவ்வளவும் காகிதத்தில் இருக்க, லைசென்ஸ் கொடுத்துவிட்டார்கள். போதாக்குறைக்கு, எடை குறைத்து உடம்பை இளமையாகக் காட்டும் தைராய்டு மாத்திரை வேறு. 38 வயது அலி, பார்க்க இருபத்தெட்டு வயதுக்காரர் மாதிரி ரிங்குக்குள் ஏறினார். உள்ளே ஒன்றும் இல்லை. ஹோம்ஸ் ஒரு காலத்தில் அலியின் ஸ்பாரிங் பார்ட்னர். அடிக்க மனமில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தார்.

பத்தாவது ரவுண்ட் முடிந்ததும் அலியின் கோச் ஏஞ்செலோ டண்டீ போதும் என்றார். இன்னும் ஒரு ரவுண்ட் கொடு என்று, அதே கார்னரில் இருந்த பண்டினி பிரவுன் அவர் ஸ்வெட்டரைப் பிடித்து இழுக்கிறார். பண்டினி அலியை உயிராக நேசித்தவர், அதில் சந்தேகமில்லை. அந்த நேசத்தில்தான் இன்னொரு ரவுண்ட் கேட்கிறார். டண்டீ கையை உதறிவிட்டு, கார்னருக்குப் பொறுப்பு நான், சண்டை முடிந்தது என்று ரெஃப்ரியிடம் கத்துகிறார். அலி வாழ்நாளில் சண்டை நடுவில் நிறுத்தப்பட்டுத் தோற்றது இந்த ஒரே முறைதான். நான்கு வருடம் கழித்து, 1984-இல், பார்க்கின்சன் அறிகுறிகள் என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

டண்டீ நிறுத்தியது சரி. ஆனால் அந்தச் சண்டைக்கு அவர் கூடவே போனாரே, அது சரியா? நாம் போகாவிட்டால் நம்மைவிடத் தெரியாத ஒருவன் கார்னரில் நின்றிருப்பான் என்பது டண்டீயின் தரப்பு. பச்சேகோவின் தரப்பு நேர் எதிர். எனக்குப் பச்சேகோ பக்கம்தான் மனம் சாய்கிறது. ஆனால் டண்டீயைத் தூக்கி எறியவும் முடியவில்லை. நீயே படித்துவிட்டு எனக்கு எழுது. உன்னிடம் வரும் ஒரு பையனின் அப்பா, நீ வேண்டாம் என்று சொன்ன போட்டிக்கு அவனை இழுத்துக்கொண்டு போகும் நாள் வரும். அன்றைக்கு உனக்கு இந்த இரண்டு பேரும் தேவைப்படுவார்கள்.

அடுத்தது மார்க் க்ரமின் 'கோஸ்ட்ஸ் ஆஃப் மணிலா'. 2001-இல் வந்தது. 1975 அக்டோபர் 1, மணிலா. அலிக்கும் ஜோ ஃப்ரேஸியருக்கும் மூன்றாவது சண்டை. க்ரம் அன்றைக்கு ரிங் ஓரத்திலிருந்து பத்திரிகைக்கு எழுதியவர். அலி மீது அவருக்கு இருக்கும் கோபம் பல இடங்களில் அளவு மீறுகிறது. அதை ஒப்புக்கொள்ள முடியாமல் இரண்டு முறை மூடி வைத்திருக்கிறேன். இருந்தாலும் ஃப்ரேஸியரை, அலியின் வாய்க்கு இரையாகி அதைக் கடைசிவரை மறக்காத அந்த மனிதரை, இவ்வளவு நெருக்கத்தில் காட்டிய புத்தகம் வேறில்லை.

நீ பார்க்க வேண்டியவர் எடி ஃபுட்ச், ஃப்ரேஸியரின் கோச். 14 ரவுண்ட் முடிந்திருக்கிறது. மிச்சம் மூன்றே நிமிடம். ஃப்ரேஸியரின் முகம் வீங்கி, எதிரே வரும் குத்து கண்ணுக்குத் தெரியாத நிலை. எதிர்க் கார்னரில் அலியும் சாகக் கிடக்கிறார் என்பதைப் பிற்பாடு எல்லாரும் சொன்னார்கள். ஃபுட்ச் நிறுத்தினார். ஃப்ரேஸியர் எழுந்து, வேண்டாம் என்று மன்றாடினார். ஃபுட்ச் தோளை அழுத்தி உட்காரவைத்தார். இன்னும் ஒரு ரவுண்ட் விட்டிருந்தால் ஃப்ரேஸியர் ஜெயித்திருக்கலாம் என்று அதற்குப் பிறகு ஆயிரம் பேர் பேசினார்கள். ஃபுட்ச் கணக்கில் எதிர்க் கார்னரே இல்லை, தம்பி. தன் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவனின் கண் தெரிகிறதா என்பது மட்டும்தான் அவர் பார்த்தது. பாக்ஸிங் எழுத்தில் இதைவிடப் பெரிய கோச் ஒருவரை நான் சந்தித்ததில்லை.

இவ்வளவும் இருட்டாக இருக்கிறதே என்று நினைக்காதே. ஏ. ஜே. லீப்லிங்கை எடுத்தால் முகம் மலர்ந்துவிடும். 'தி ஸ்வீட் சயின்ஸ்', 1956. 'நியூயார்க்கர்' பத்திரிகைக்கு அவர் ஐம்பதுகளின் முதல் பாதியில் எழுதிய கட்டுரைகள். சண்டைக்கு முந்தின நாள் ஜிம்முக்குப் போவார், கோச்சுகளோடு சாப்பிடுவார், பழைய ஆட்களின் பேச்சைக் கேட்பார், டாக்சி டிரைவர் சொல்வதையும் விடமாட்டார். சண்டை கடைசியில்தான் வரும். டி.வி. வந்ததும் பேட்டையில் இருந்த சின்னச் சின்ன சண்டைக் கூடங்கள் மூடப்படுவதையும், அதனால் இளம் வீரர்கள் தொழில் கற்றுக்கொள்ள இடமில்லாமல் போவதையும் அவர் அப்போதே எச்சரித்தார்.

லீப்லிங்கின் பக்கங்களில் சார்லி கோல்ட்மேனைத் தேடு. ராக்கி மார்சியானோவின் கோச்; தானும் ஒரு காலத்தில் பேண்டம்வெயிட்டாகச் சண்டை போட்ட குள்ளமான மனிதர். மார்சியானோ அவரிடம் வந்தபோது கால் பின்னும், கை நீளம் போதாது, ஹெவிவெயிட்டுக்கு உயரமும் கம்மி. வேறு கோச்சாக இருந்தால் நிமிர்ந்து நில், ஜாப் போடு என்று பாடப்புத்தகத்தைத் திணித்திருப்பார். கோல்ட்மேன் அவரை இன்னும் குனியவைத்தார். குட்டைக் கை நெருங்கிப் போகத்தானே வேண்டும், குனிந்து போனால் குத்து தலைக்கு மேலே போய்விடும் என்ற கணக்கு. கால் அகலமாகப் போகிறதென்று இரண்டு ஷூவையும் கயிற்றால் இணைத்துக் கட்டிப் பழக்கினார். வலது கை இயல்பாகவே இடி. அதைத் தொடவே இல்லை. 49 சண்டை, 49 வெற்றி, 43 நாக்அவுட். உன்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் பாடப்புத்தகத்துக்குள் அடங்காத உடம்போடுதான் வருவார்கள். அவர்களைத் திருத்துவதற்கு முன் கோல்ட்மேனை ஒருமுறை நினைத்துக்கொள்.

அதே மார்சியானோவுக்கு 1954 செப்டம்பரில் எஸ்ஸார்ட் சார்ல்ஸோடு நடந்த இரண்டாவது சண்டையில் மூக்கு நுனி பிளந்துவிட்டது. ரத்தம் நிற்கவில்லை. கார்னரில் இருந்த ஃப்ரெடி பிரவுன் அந்த ஒரு நிமிடத்துக்குள் அடைத்து அடைத்து அனுப்பினார். எட்டாவது ரவுண்டில் மார்சியானோ நாக்அவுட் செய்தார். கட் பார்ப்பது தனிக் கலை. உன் பெட்டியில் என்ன இருக்கிறது என்பது சண்டை நாளில்தான் தெரிகிறது என்று இருக்கக்கூடாது. முந்தின இரவே எண்ணி வைத்திருக்க வேண்டும். இதைச் சொல்லும்போது டோக்கியோ ஞாபகம் வருகிறது. 1990 பிப்ரவரி 11, பஸ்டர் டக்ளஸோடு மைக் டைசன். டைசனின் இடது கண் வீங்குகிறது. வீக்கத்தை அழுத்தும் அந்தக் குளிர்ந்த இரும்புக் கட்டி அவர் கார்னரில் இல்லை. ஒரு ரப்பர் கையுறைக்குள் ஐஸ் தண்ணீரை ஊற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள், உலக ஹெவிவெயிட் சாம்பியனுக்கு! பத்தாவது ரவுண்டில் டைசன் விழுந்தார். டைசன் தன் கதையைச் சொல்லும் 'அன்டிஸ்பியூட்டட் ட்ரூத்' 2013-இல் வந்தது; படிக்கலாம், ஆனால் உனக்கு அதைவிட 2017-இல் வந்த 'அயர்ன் அம்பிஷன்' உதவும். அது டைசனின் கோச் கஸ் டமாட்டோவைப் பற்றியது. பயம் எல்லாருக்கும் வரும், அதை வைத்து என்ன செய்கிறாய் என்பதுதான் வித்தியாசம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் டமாட்டோ. ஒரு சிறுவனின் மொத்த வாழ்க்கையையும் ஒரு கோச் தன் கனவுக்கு எழுதி வாங்கிக்கொள்வது எவ்வளவு ஆபத்து என்பதும் அதே புத்தகத்தில் தெரியும். டைசன் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நான் குறையாகத்தான் படித்தேன்.

லீப்லிங்கை விட்டு நகர்வதற்கு முன் ஒரு சண்டை. 1952 ஜூன் 25, யாங்கி ஸ்டேடியம். சுகர் ரே ராபின்சன், தன்னைவிட எடை கூடிய ஜோயி மேக்ஸிமோடு லைட் ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோதுகிறார். வெயில் காலத்துப் புழுக்கம், மேலே விளக்குகளின் அனல். ரிங் ஓரத்தில் 104 டிகிரி ஃபாரன்ஹீட். பத்தாவது ரவுண்ட் முடிந்ததும் ரெஃப்ரி ரூபி கோல்ட்ஸ்டீனாலேயே நிற்க முடியாமல் வேறு ரெஃப்ரியைக் கொண்டுவந்தார்கள். ராபின்சன் எல்லா நடுவர்களின் கணக்கிலும் முன்னால் இருந்தார். பதின்மூன்றாவது ரவுண்டில் ஒரு குத்தை வீசித் தவறவிட்டு, அந்த வேகத்திலேயே தரையில் விழுந்தார். பதினான்காவது ரவுண்டுக்கு ஸ்டூலிலிருந்து எழவே முடியவில்லை. பெரிய குத்து ஒன்றும் வாங்கி விழுந்தவரல்ல அவர், சூடு வீழ்த்தியது. நம் ஊரில் மே மாதம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மதியம் பயிற்சி கொடுக்கிறவர்களை எனக்குத் தெரியும். எடை குறைக்கிறேன் என்று பிளாஸ்டிக் சூட் போட்டு ஓடவிடுகிறவர்களையும் தெரியும். அவர்களில் ஒருவனாக நீ ஆகிவிடாதே.

ஜிம்மை எப்படி நடத்துவது என்று கேட்டால் நான் கையில் கொடுப்பது ஒரு சமூகவியல் புத்தகம். லோயிக் வக்கான் எழுதிய 'பாடி அண்ட் சோல்'. சமூகவியலாளர் பியர் பூர்தியூவிடம் படித்த ஃபிரெஞ்சு ஆய்வாளர். 1988-இல் சிகாகோவின் தென்பகுதியில், உட்லான் என்ற கறுப்பின மக்களின் ஏழைப் பேட்டையில் ஒரு பாக்ஸிங் ஜிம்மில் சேர்ந்தார். ஆய்வுக்காகப் போனவர் மூன்று வருடம் அங்கேயே கிடந்து, 1990-இல் கோல்டன் க்ளவுஸ் போட்டியில் இறங்கவும் செய்தார். பூர்தியூவின் கருத்துகள் வரும் பகுதிகள் கடினம். புரியாவிட்டால் தாண்டிப் போ. ஜிம்முக்குள் நடப்பதைச் சொல்லும் பகுதிகளை மட்டும் விடாதே. அங்கே கோச் டீடீ ஆர்மர் என்ற முதியவர். அதிகம் பேசமாட்டார். பாராட்டு அபூர்வம். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அடிக்கும் மணிதான் அங்கே எல்லாரையும் ஆட்டிவைக்கிறது. புதிதாக வந்தவன் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்கிறான். தெருவில் துப்பாக்கிச் சத்தம். உள்ளே வந்தால் ஒழுங்கு. ஸ்பாரிங்குக்கு யாரை யாரோடு இறக்குவது என்பதில் டீடீ காட்டும் கவனத்தை வக்கான் விரிவாக எழுதுகிறார். வலுத்தவனோடு மோதவிட்டால் பையன் நொந்துபோய் வராமல் நின்றுவிடுவான். இளைத்தவனோடு மட்டும் விட்டால் ஒன்றும் கற்கமாட்டான். நல்ல கோச்சுக்கு இந்த ஜோடி சேர்ப்பதுதான் பாதி வேலை.

நார்மன் மெய்லரின் 'தி ஃபைட்' 1975, அலியும் ஜார்ஜ் ஃபோர்மனும் கின்ஷாசாவில் மோதிய கதை. மெய்லர் தன்னையே படர்க்கையில் வைத்து எழுதுவது சில சமயம் சலிப்பு. ஆனால் சண்டைக்கு முந்தின நிமிடங்களில் அலியின் அறை சாவு வீடு மாதிரி கிடப்பதையும், அலி ஒருவரே எல்லாருக்கும் தைரியம் சொல்வதையும் அவர் எழுதியிருப்பதைப் படி. கார்னரின் பயம் வீரனுக்குத் தொற்றும். ஜாய்ஸ் கரோல் ஓட்ஸின் 'ஆன் பாக்ஸிங்' 1987-இல் வந்த சிறிய புத்தகம். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். அப்பாவோடு சண்டை பார்க்கப் போன சிறுமி, பெரிய நாவலாசிரியையாகி, இதை யாரும் விளையாட்டு என்று லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று வாதாடுகிறார். உன் ஜிம்முக்கு வரும் பெண்பிள்ளைகளின் பெற்றோரோடு பேசுவதற்கு அது உனக்கு வார்த்தை கொடுக்கும்.

தோற்றவனை என்ன செய்வது என்று எந்தப் பயிற்சிக் கூடமும் சொல்லித்தருவதில்லை. அதற்கு டேவிட் ரெம்னிக்கின் 'கிங் ஆஃப் தி வேர்ல்ட்'. 1998. அலியின் ஆரம்ப காலம்தான் விஷயம். எனக்குப் பிடித்தது அதில் வரும் ஃப்ளாய்ட் பேட்டர்சன். 1962 செப்டம்பரில் சிகாகோவில் சன்னி லிஸ்டனிடம் முதல் ரவுண்டிலேயே நாக்அவுட். அன்று இரவு பேட்டர்சன் பொய்த்தாடி ஒட்டிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் காரில் நியூயார்க் போனார். அந்தத் தாடியைத் தோற்ற பிறகு வாங்கவில்லை தம்பி. சண்டைக்கு வரும்போதே பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். உலக சாம்பியன், தோற்றால் மறைந்துகொள்ள ஒரு முகத்தைக் கூடவே எடுத்து வருகிறான். உன் பிள்ளைகளில் யார் பையில் அப்படி ஒரு தாடி இருக்கிறது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தோற்ற அன்று மாலை அவன் வீட்டுக்கு நீயே கூடப் போ. மறுநாள் பயிற்சிக்கு வந்தானா என்று பார். நாக்அவுட் ஆகியிருந்தால் குறைந்தது 30 நாள் ரிங்குக்குள் விடாதே. அவனே வந்து கெஞ்சினாலும்.

ஹ்யூ மக்கில்வானியின் 'மக்கில்வானி ஆன் பாக்ஸிங்' தொகுப்பில் ஜானி ஓவன் பற்றிய கட்டுரையைப் படிக்கும்போது பக்கத்தில் யாரும் இல்லாமல் பார்த்துக்கொள். வேல்ஸ் நாட்டின் மெர்தர் டிட்ஃபில் என்ற சுரங்க ஊர்க்காரன். ஒல்லியான, கூச்சமான பையன். 1980 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் லூப்பே பின்டோரோடு உலகப் பட்டத்துக்கு மோதி, பன்னிரண்டாவது ரவுண்டில் விழுந்தவன் நினைவு திரும்பாமலே நவம்பர் 4 அன்று இறந்தான். வயது 24. அவனுக்குப் பயிற்சி கொடுத்தவர் அவன் அப்பா. 2002-இல் ஊரில் ஜானிக்குச் சிலை வைத்தபோது, திறந்துவைக்க அந்த அப்பா அழைத்தது பின்டோரைத்தான். பின்டோரும் வந்தார். இப்படிப்பட்ட இடத்தில் எழுத்தாளனுக்கு என்ன சொல்லத் தோன்றும்? மக்கில்வானி பாக்ஸிங்கை நேசித்தவர். அந்தக் கட்டுரையில் அவர் அதற்கு வக்காலத்து வாங்கவும் இல்லை, அதைச் சபிக்கவும் இல்லை.

கடைசியாக கெவின் மிட்செலின் 'வார், பேபி'. 2001. நைஜல் பென்னும் ஜெரால்ட் மக்லெல்லனும் 1995 பிப்ரவரி 25 அன்று லண்டனில் மோதிய கதை. முதல் ரவுண்டிலேயே பென் கயிறுகளுக்கு வெளியே போய் விழுந்தார், எழுந்து வந்தார். நடுவில் மக்லெல்லன் கண்களைப் படபடவென்று சிமிட்ட ஆரம்பிக்கிறார், வாய்க் கவசம் பாதி வெளியே தொங்குகிறது. களைப்பு என்று நினைத்தார்கள். பத்தாவது ரவுண்டில் தானாக முழங்காலிட்டு எண்ணி முடிக்கும்வரை இருந்தார். பயந்து விட்டுக்கொடுத்துவிட்டான் என்று பேசினார்கள். கார்னருக்கு நடந்து போய் அங்கேயே சரிந்தார். மூளையில் ரத்தக்கட்டி. உயிர் பிழைத்தது, பார்வை போயிற்று, செவியும் பெரும்பாலும் போயிற்று. அந்தக் கண் சிமிட்டலைப் பற்றிய பக்கங்களை உன் உதவியாளர்களுக்கும் படித்துக் காட்டு.

அந்த உயிராவது பிழைத்ததற்குக் காரணம் இன்னொருவரின் துன்பம். 1991 செப்டம்பரில் க்றிஸ் யூபாங்கோடு மோதிய மைக்கேல் வாட்சன் சரிந்தபோது, மூச்சுக்கு உதவும் கருவியும் அதைக் கையாளத் தெரிந்த ஆளும் ரிங் ஓரத்தில் இல்லை. தாமதத்தில் மூளை பாதிக்கப்பட்டது. அறுவை செய்த பீட்டர் ஹாம்லின் அதன் பிறகு ஓயாமல் போராடினார். ரிங் ஓரத்தில் மயக்க மருந்து நிபுணர், தயாராக ஆம்புலன்ஸ், முன்கூட்டியே சொல்லிவைத்த மருத்துவமனை என்று ஏற்பாடுகள் வந்தன. மக்லெல்லனுக்கு அவை கிடைத்தன. பிற்பாடு வாட்சன் பிரிட்டிஷ் பாக்ஸிங் வாரியத்தின் மீது வழக்குப் போட்டு ஜெயித்தார்.

ஹவுசரும் லீப்லிங்கும் என்னிடம் இருக்கின்றன. அடுத்த முறை வரும்போது எடுத்துக்கொண்டு போ. அதற்கு முன்னால் மாவட்டப் போட்டி வருகிறது என்று எழுதியிருந்தாய். அமைப்பாளரிடம் இப்போதே போய்க் கேள்: டாக்டர் முதல் சண்டையிலிருந்து கடைசிச் சண்டைவரை இருப்பாரா, ஆம்புலன்ஸ் எந்தக் கதவுக்கு வெளியே நிற்கும், தலைக் காயம் பார்க்கும் மருத்துவமனை எது, அந்த நேரத்துப் போக்குவரத்தில் அங்கே போக எத்தனை நிமிடம். அந்தச் சாலையில் நீயே ஒருமுறை வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு, பெயர் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்.

அன்புடன்,
அண்ணன்